வேலையோடு எம்.ஏ. பொருளியல்: தொலைநிலைக் கல்வியில் சேர்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொலைநிலைக் கல்வியில் பொருளியலும் நிதியும் படிக்க வருகிறவர்கள் ஒரே மாதிரி இல்லை. வங்கியில் எழுத்தராக இருந்துகொண்டே அதிகாரித் தேர்வுக்குத் தயாராகிறவர் வருகிறார். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத நினைப்பவர் வருகிறார். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, எப்போதோ விட்ட படிப்பைத் தொடர நினைக்கும் பெண்கள் வருகிறார்கள். படிப்பு மையத்தின் வார இறுதி வகுப்புகளில் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்கள்தான் இவை. பெரும்பாலும் இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. பொருளியலை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கட்டணம், கடைசித் தேதி போன்றவை பருவத்துக்குப் பருவம் மாறும். அவற்றுக்கு அந்தப் பருவத்தின் கையேட்டை மட்டும் நம்புங்கள்.

தபாலில் படித்து வாங்கும் பொருளியல் பட்டம் செல்லுமா?

செல்லும். பல்கலைக்கழக மானியக் குழு 2020-ல் வெளியிட்ட திறந்தநிலை, தொலைநிலைக் கல்வி விதிமுறைகளின்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இந்த முறையில் தரும் பட்டம் நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்குச் சமம். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி. கேட்பது பொருளியலில் முதுகலைப் பட்டம். அதைக் கல்லூரிக்குப் போய்ப் படித்தீர்களா, வீட்டிலிருந்து படித்தீர்களா என்பதை வைத்து ஆளைத் தள்ளுவதில்லை.

ஆனால் "அங்கீகாரம்" என்பதைச் சரியாகப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியதாக இருந்தால் போதாது. தொலைநிலை முறையில் நடத்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருக்கிறதா, நீங்கள் சேரப்போகும் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்கிறதா, நீங்கள் சேரும் அந்தக் கல்வியாண்டுக்கு இருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இந்தப் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை வைத்துப் பணம் கட்டிவிடாதீர்கள். இப்போது சேர்க்கைக்கு முன்பே அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கும் (நீங்கள் தேறும் பாடங்களின் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கு) டி.இ.பி. ஐ.டி.யும் (தொலைநிலைக் கல்விப் பிரிவின் அடையாள எண்) எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் நீங்களே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இதற்கென்று யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை.

இது நேற்று முளைத்த முறையும் அல்ல. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் 1981-ல் வந்தது. நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இக்னோ உருவானது 1985-ல். இத்தனை காலமாக இந்த வழியில் படித்தவர்கள் கல்லூரி ஆசிரியர்களாகவும் அரசு அதிகாரிகளாகவும் இருக்கிறார்கள். "கரஸ்தானே" என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் நீங்கள் கூனிக்குறுக வேண்டியதில்லை.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கவில்லை. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கிவிடலாமா?

தமிழ்நாட்டில் அரசு வேலை உங்கள் கனவில் இருந்தால், தயவுசெய்து அந்தக் குறுக்கு வழியில் போகாதீர்கள். இங்கே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டுப் பட்டம், அதன் பிறகே முதுகலை என்ற வரிசையைப் பார்க்கிறார்கள். இளங்கலையே படிக்காமல் திறந்தநிலை முறையில் நேரடியாக வாங்கிய முதுகலைப் பட்டத்தை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான் அது. வருடக்கணக்கில் உழைத்துப் படித்தவர் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் திரும்பி அனுப்பப்படுவது தாங்க முடியாத துயரம்.

பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராகவோ, தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ முதலில் முடியுங்கள். ஓராண்டு கூடுதலாகப் போகும். பரவாயில்லை.

இளங்கலையில் பொருளியல் எடுக்கவில்லை. எம்.ஏ. சேர முடியுமா?

இக்னோவில் முடியும். எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் எம்.ஏ. பொருளியலில் சேரலாம். பி.இ. படித்தவரும், பி.காம். படித்தவரும், பி.ஏ. வரலாறு படித்தவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

யாருக்குக் கஷ்டம் என்று கேட்டால், என் பதில் பலருக்கு வியப்பாக இருக்கும். கணக்கு பழகிய பி.எஸ்சி.காரர் பொருளியல் கருத்துகளைச் சில மாதங்களில் பிடித்துக்கொள்கிறார். பி.ஏ. பொருளியலையே கோட்பாடுகளாக மனப்பாடம் செய்து தேறியவர்தான், எம்.ஏ.யின் முதல் பாடத்தைத் திறந்ததும் திகைத்து நிற்கிறார். ஆகவே முன்பு என்ன படித்தீர்கள் என்பதைவிட, பேனாவை எடுத்துக் கணக்குப் போட மனம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

பொருளியலே புதிதென்றால், தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் நூல்களை முதலில் படித்து முடியுங்கள். தமிழிலேயே இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எம்.ஏ. படிக்கப் போகிறவர் பள்ளிப் புத்தகத்தைத் தொடுவதா என்று கூச்சப்பட வேண்டாம். அவற்றைப் படித்துவிட்டு வருகிறவர்களின் கேள்விகளே வேறு தரத்தில் இருக்கின்றன.

கணக்கு எவ்வளவு தெரிய வேண்டும்? உண்மையைச் சொல்லுங்கள்.

இதுதான் எல்லாக் கேள்விகளுக்கும் தாய்க் கேள்வி. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலாண்டில் நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், அளவுசார் முறைகள் என்று பாடங்கள் வரும். மூன்றிலுமே கணிதம் உண்டு. வகை நுண்கணிதம், அணிகள், உச்ச அளவும் குறைந்த அளவும் கண்டுபிடித்தல், நிகழ்தகவு, தொடர்புப் போக்கு எனப்படும் ரிக்ரஷன் ஆகியவை அடிப்படை. பிறகு புள்ளிவிவரங்களை வைத்துப் பொருளியல் உறவுகளை அளக்கும் எக்கனாமெட்ரிக்ஸ் எடுத்தால் ரிக்ரஷன் உங்களோடு குடியே இருக்கும்.

பயப்படுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒரு சிற்றிதழின் விலையை எவ்வளவு வைத்தால் விற்பனை வரவு அதிகமாக இருக்கும்? விற்கும் பிரதிகளின் எண்ணிக்கை, 100-லிருந்து விலையின் இருமடங்கைக் கழித்தால் வருவது என்று வைத்துக்கொள்வோம். விலை 20 ரூபாய் என்றால் 60 பிரதி விற்கும், வரவு 1,200 ரூபாய். விலை 30 என்றால் 40 பிரதி, அப்போதும் 1,200 ரூபாய். நடுவில் 25 வைத்தால் 50 பிரதி, வரவு 1,250. வகையிடல் தெரிந்தவர் இந்த 25-ஐ ஒரே வரியில் கண்டுபிடித்துவிடுவார். தெரியாதவர் ஒவ்வொரு விலையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். விலை ஒரு சதவீதம் மாறினால் விற்பனை எத்தனை சதவீதம் மாறும் என்பதுதான் தேவை நெகிழ்ச்சி. அந்த 25 ரூபாயில் அது சரியாக 1 என்பதையும் கணக்குப் போட்டவர்தான் காண்பார். வரவு உச்சத்தைத் தொடும் இடத்தில் நெகிழ்ச்சி 1 என்று புத்தகம் சொல்லும் வாக்கியத்தை, ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர் பிறகு மறப்பதே இல்லை.

அடுத்த படி லாக்ராஞ்ச் முறை: கையிலுள்ள பணம் போன்ற ஒரு வரம்புக்குள் அதிகப் பயனைக் கண்டுபிடிக்கும் வழி. பலர் படிப்பை விடுவது இந்த இடத்தில்தான், ஆகவே இங்கே நின்று நிதானமாகப் போங்கள். ஒரு குடும்பம் 600 ரூபாயை அரிசிக்கும் பருப்புக்கும் பிரித்துச் செலவிட வேண்டும். அரிசி கிலோ 50 ரூபாய், பருப்பு 150 ரூபாய். இரண்டின் அளவையும் பெருக்கினால் வருவதே அவர்கள் அடையும் பயன்பாடு என்று கொண்டால், லாக்ராஞ்ச் தரும் விடை: பணத்தைச் சரிபாதியாகப் பிரி. 300 ரூபாய்க்கு 6 கிலோ அரிசி, 300 ரூபாய்க்கு 2 கிலோ பருப்பு. கணக்கில் கூடவே வரும் லாக்ராஞ்ச் பெருக்கி, கையில் இன்னும் ஒரு ரூபாய் இருந்தால் பயன்பாடு எவ்வளவு கூடும் என்பதைச் சொல்கிறது. இவ்வளவுதான் அதன் அடிப்படை. சின்னமும் எழுத்துமாக அச்சில் பார்க்கும்போது மிரட்டுவது, அரிசியும் பருப்புமாகப் போட்டுப் பார்த்தால் அடங்கிவிடுகிறது.

என் கண்டிப்பான யோசனை ஒன்று: சேர்க்கை உறுதியானதும் பொருளியல் பக்கமே போகாமல் முதல் ஆறு வாரத்தைக் கணிதத்துக்குக் கொடுங்கள். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வகையிடல், அணிகள் அத்தியாயங்களின் பயிற்சிக் கணக்குகளைப் போடுங்கள். விடையைப் பார்த்துத் தலையாட்டுவது கணக்குப் போடுவதாகாது. வீடியோ பார்ப்பதும் அப்படித்தான். வெள்ளைத்தாள், பேனா, மூடி வைத்த புத்தகம் இந்த மூன்றும் இருந்தால்தான் அது கணக்கு.

எனக்கு நிதியில்தான் ஆர்வம். அதற்கு எம்.ஏ. பொருளியல் சரியான படிப்பா?

எந்த வேலையை நினைத்துக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கம்பெனிக் கணக்கு, வரி, தணிக்கை என்றால் எம்.காம். பொருந்தும். நிறுவனத்தின் நிதிப் பொறுப்பு, முதலீட்டு மேலாண்மை என்றால் நிதியைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.பி.ஏ. வட்டி விகிதம் ஏன் ஏறுகிறது, ரூபாய் மதிப்பு ஏன் சரிகிறது, அரசு கடன் வாங்கினால் யார் தலையில் விழுகிறது போன்ற கேள்விகள் உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் பொருளியல்தான் உங்கள் வீடு. இக்னோவின் எம்.ஏ. பொருளியலில் பன்னாட்டு வாணிபமும் நிதியும் பற்றிய பாடம் இருக்கிறது. நிதிச் சந்தைகள், நிதி நிறுவனங்கள் பற்றிய விருப்பப் பாடத்தையும் எடுக்கலாம்.

நிதியின் அடித்தளம் ஒரே ஒரு கருத்து: நாளைக்கு வரும் ரூபாய், இன்று கையிலுள்ள ரூபாயைவிட மதிப்புக் குறைந்தது. இரண்டாண்டு கழித்து வரப்போகும் 10,000 ரூபாயின் இன்றைய மதிப்பு, வட்டி 8 சதவீதம் என்றால் ஏறக்குறைய 8,573 ரூபாய். வட்டி 10 சதவீதமானால் அது 8,264-ஆகக் குறைந்துவிடும். ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றினால் பழைய கடன் பத்திரங்களின் விலை ஏன் இறங்குகிறது என்பதற்கான விடை இந்த இரண்டு எண்களுக்குள்ளேயே இருக்கிறது. இதை நீங்களே போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான் தமிழ்வழியில் படித்தவன். இக்னோ பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே?

ஆமாம். எம்.ஏ. பொருளியலை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். கோடிக்கணக்கான தமிழர்கள் வரி கட்டும் நாட்டில், நாடாளுமன்றம் உருவாக்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தமிழில் முதுகலைப் பொருளியலைத் தராதது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. அதற்காகப் படிப்பை ஒத்திவைக்க முடியாது என்பதால் இருக்கும் வழிகளைச் சொல்கிறேன்.

தமிழில்தான் படிப்பேன் என்றால், சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கையேட்டைப் பாருங்கள். 2002-ல் தொடங்கப்பட்ட இந்த மாநிலப் பல்கலைக்கழகம் தமிழ்வழியில் பட்டப் படிப்புகளை நடத்துகிறது. மாநிலத்தின் மற்றப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைக் கல்வி நிறுவனங்களையும் விசாரியுங்கள். எந்தப் படிப்பு எந்த மொழியில் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமையை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 2020-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும்.

ஆங்கிலத்திலேயே எழுதுவது என்று துணிந்தால், அது நினைக்கும் அளவுக்குப் பெரிய மலை இல்லை. பொருளியல் விடைத்தாளில் அழகான ஆங்கிலத்துக்கு மதிப்பெண் கிடையாது. சரியான வரைபடம், அச்சுகளின் பெயர், சமன்பாடு, அதன் கீழே நான்கைந்து சின்ன வாக்கியங்கள் இருந்தால் திருத்துபவருக்கு நீங்கள் புரிந்துகொண்டது தெரிந்துவிடும். கருத்தைத் தமிழில் யோசியுங்கள், நண்பரிடம் தமிழில் விளக்குங்கள், தாளில் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக இறக்குங்கள். ஒரு பாடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் கலைச்சொற்கள் அதிகம் இல்லை. முதல் இரண்டு மாதம் தள்ளிவிட்டால் மூன்றாவது மாதம் கண் தானாக ஓடும்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க எத்தனை மணி நேரம் வேண்டும்?

இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. 6 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 180 மணி நேரம். ஆண்டுக்கு அப்படி ஐந்து பாடம் எடுத்தால் 900 மணி நேரம், அதாவது வாரத்துக்குப் பதினேழு மணி நேரத்துக்கு மேல். முழுநேர வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு இது சுலபமில்லை. இரண்டாண்டுப் படிப்பை முடிக்க நான்காண்டு வரை அவகாசம் தந்திருப்பதே அதனால்தான். இரண்டாண்டில் முடிக்க முடியாதவரைத் தோற்றவராக நான் நினைப்பதில்லை. மூன்றாண்டுத் திட்டம் போட்டு, ஒவ்வொரு தேர்வுக்கும் இரண்டு பாடம் வீதம் எழுதி நல்ல மதிப்பெண்ணோடு போகிறவரே, எல்லாவற்றையும் ஒரே ஜூனில் எழுதி அரியர் வைப்பவரைவிட முன்னால் போய்ச் சேருகிறார்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் "நேரம் கிடைக்கும்போது படிச்சுக்கோ" என்பார்கள். அந்த நேரம் தானாகக் கிடைக்காது. காலை ஐந்து முதல் ஆறரை, அல்லது இரவு ஒன்பதரைக்கு மேல் என்று ஒரு நேரத்தை எல்லோர் முன்னிலையிலும் அறிவியுங்கள். அந்த நேரத்தில் அடுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

அசைன்மென்ட்டை எப்படி எழுதுவது? தீர்த்து வைத்த பி.டி.எஃப். கிடைக்கிறதே?

கிடைக்கிறது. காசுக்கும் கிடைக்கிறது, சும்மாவும் கிடைக்கிறது. அதைப் பார்த்து எழுதுகிறவர், இந்தப் படிப்பில் தனக்குக் கிடைக்கக்கூடிய ஒரே ஆசிரியரை வாசலோடு திருப்பி அனுப்புகிறார். நேரடிக் கல்லூரியில் தினமும் ஒருவர் கேள்வி கேட்பார், தப்பைத் திருத்துவார். இங்கே அந்த வேலையைச் செய்வது அசைன்மென்ட் மட்டும்தான். மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் இதற்கு, 70 சதவீதம் பருவ இறுதித் தேர்வுக்கு. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். காப்பியடித்து இந்த 30-ஐ வாங்கியவர்கள் அந்த 70-ல் விழுவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். காரணம் எளிமையானது: தேர்வுக் கேள்விகளும் அசைன்மென்ட் கேள்விகளும் ஒரே மண்ணில் விளைபவை.

எழுதும் முறை இது. கேள்வியைப் படியுங்கள். பாடநூலின் எந்தப் பிளாக் (தொகுதி), அதில் எந்த யூனிட் (அத்தியாயம்) என்று கண்டுபிடியுங்கள். அந்த யூனிட்டைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, உங்கள் சொந்த வாக்கியத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். கணக்கு வந்தால் எல்லாப் படிகளையும் எழுதுங்கள். பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டு விட்டதைச் சேர்த்து, நல்ல தாளில் கையால் எழுதிக் கொடுங்கள். ஒரு அசைன்மென்ட்டுக்குப் பத்து நாள் பிடிக்கும். பிடிக்கட்டும். தேர்வுக்கு அந்தப் பத்து நாள் மிச்சம்.

ஜூன் தேர்வுக்கு மார்ச் மாதமும், டிசம்பர் தேர்வுக்குச் செப்டம்பர் மாதமும் வழக்கமான கெடு. நீட்டிப்பு வரும் என்ற நம்பிக்கையில் உட்காராதீர்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள், எழுதிய தாள்கள் முழுவதையும் மொபைலில் படம் எடுத்து வையுங்கள். மதிப்பெண் கிரேடு கார்டில் ஏறாமல் போனால் உங்கள் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

வகுப்புக்குப் போவது கட்டாயமா?

எம்.ஏ. பொருளியலில் கட்டாயம் இல்லை. ஆனாலும் போங்கள். பாடம் முழுவதையும் அங்கே நடத்தி முடிக்க மாட்டார்கள். நீங்கள் சந்தேகத்தோடு போனால்தான் பலன். ஒன்றுமே படிக்காமல் போய் உட்கார்ந்தால் பேருந்துக் காசுதான் நஷ்டம்.

வகுப்பைவிடப் பெரிய லாபம் அங்கே அறிமுகமாகும் மூன்று நான்கு பேர். தனியாகப் படித்து நின்றுபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறை கூகுள் மீட்டில் கூடி ஆளுக்கொரு தலைப்பை விளக்கும் குழுவில் இருந்தவர்கள் அவ்வளவு சுலபத்தில் நின்றுபோவதில்லை. குழுவுக்கு ஒரே விதி போதும்: விளக்குகிறவர் புத்தகத்தைப் பார்க்கக் கூடாது.

சென்னையிலோ மதுரையிலோ உள்ள மண்டல மையத்துக்கு அருகில் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பாடநூல்கள் எல்லாமே இக்னோவின் இஞான்கோஷ் தளத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கின்றன. சேர்வதற்கு முன்பே நுண்ணினப் பொருளியல் பாடத்தின் முதல் பிளாக்கை இறக்கிப் படித்துப் பாருங்கள். உங்களுக்கு ஒத்துவருமா என்பதற்கு இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. ஒன்றிய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்திலும் பொருளியல் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன.

செய்தித்தாள் படிப்பது தேர்வுக்கு உதவுமா?

சரியாகப் படித்தால், மிகவும். இந்தியப் பொருளாதாரக் கொள்கை, பொதுப் பொருளியல் பாடங்களில் எண்ணோடும் ஆண்டோடும் எழுதுகிறவருடைய விடை தனியாகத் தெரியும்.

ஒரு உதாரணம். ஒன்றிய அரசின் பகிரத்தக்க வரி வருவாயில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குத் தரச் சொன்னது 15-வது நிதிக்குழு. 2021-26 காலத்தில் அந்தத் தொகைக்குள் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதமாக இருந்தது. 13-வது நிதிக்குழுவில் 4.969 ஆக இருந்தது 14-வதில் 4.023 ஆகச் சரிந்தது. 15-வதிலும் அது ஏன் பழைய அளவுக்கு ஏறவில்லை? 15-வது குழுவின் சூத்திரத்தில் 45 சதவீத எடை வருமான இடைவெளிக்கு, அதாவது உயர்ந்த தலா வருமானம் உள்ள மாநிலத்திலிருந்து ஒரு மாநிலம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு. மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, வனமும் சூழலியலும் 10, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுச் சாதனைக்கு 12.5, வரி முயற்சிக்கு 2.5. நம் ஊரில் மேடைதோறும் பேசப்படும் ஒரு சண்டையின் உள் இயந்திரம் இது. சமத்துவமும் செயல்திறனும் எங்கே மோதுகின்றன என்று பாடப் புத்தகம் சொல்வதை இந்த ஆறு எண்களில் நீங்களே காணலாம். எந்தப் பக்கம் நியாயம் என்று முடிவெடுப்பதற்கு முன் எடைகளை மாற்றிப் போட்டு எக்செல்லில் ஒருமுறை பாருங்கள். பொருளியல் மாணவருக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தெரியாது.

அதேபோல ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழு. ஆறு உறுப்பினர்கள், 2016 முதல் பணவீக்க இலக்கு 4 சதவீதம், மேலும் கீழும் 2 சதவீதம் இடைவெளி. ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் வெளியாகும் அறிக்கையை மூலத்திலேயே படியுங்கள். வட்டி விகிதமும் நாட்டின் வருமானமும் சேர்ந்து எங்கே நிலைகொள்ளும் என்று காட்டும் ஐ.எஸ்.–எல்.எம். வரைபடத்தை வைத்துக்கொண்டு, இந்த முடிவு எந்தக் கோட்டை எங்கே நகர்த்துகிறது என்று வரைந்து பாருங்கள். பட்ஜெட்டை ஒட்டி வரும் பொருளாதார ஆய்வறிக்கையும் தமிழ்நாடு அரசின் நிதிநிலை அறிக்கையும் இலவசம்.

படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும்?

பட்டம் தானாக வேலை வாங்கித் தராது. கதவுகளைத் திறக்கும். 55 சதவீத மதிப்பெண் இருந்தால், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 இருந்தால், பொருளியலில் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வை எழுதலாம். கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் அதுதான் வாசல். பி.எட்.டும் சேர்ந்திருந்தால் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியர் தேர்வு. இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு வயது 21 முதல் 30 வரை, அரசு விதிப்படியான தளர்வுகள் உண்டு. பொதுப் பொருளியலில் மூன்று தாள், இந்தியப் பொருளாதாரத்தில் ஒன்று, கூடவே ஆங்கிலமும் பொது அறிவும். ரிசர்வ் வங்கியின் ஆய்வுத் துறை அதிகாரி பணிக்கும் பொருளியல் முதுகலை கேட்கிறார்கள்.

தனியார் பக்கம் போக நினைப்பவர் பட்டத்தோடு நிற்காதீர்கள். எக்செல்லை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆர் அல்லது பைத்தானில் ரிக்ரஷன் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் இலவச மென்பொருள்கள். ரிசர்வ் வங்கி தன் தளத்தில் தரும் புள்ளிவிவரங்களை எடுத்து ஒரு சின்ன ஆய்வைச் செய்து வைத்திருங்கள். நேர்முகத்தில் "கரஸ்ஸா?" என்று கேட்கும் குரல், அந்த ஆய்வை மேசையில் வைத்ததும் மாறிவிடும்.

வேறொரு படிப்பில் இருக்கிறேன். கூடவே இதையும் சேர்த்துப் படிக்கலாமா?

படிக்கலாம். 2022 முதல் மானியக் குழு இரண்டு பட்டப் படிப்புகளை ஒரே காலத்தில் படிக்க அனுமதிக்கிறது. ஒன்று நேரடி வகுப்பு, மற்றொன்று தொலைநிலை என்பது ஏற்கத்தக்கது. தேர்வுத் தேதிகள் மோதுமா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து கேட்கிறேன். லண்டன் பல்கலைக்கழகத்தின் பொருளியல், நிதிப் பட்டத்தை இங்கிருந்தே படிக்கலாம் என்கிறார்களே?

உண்மைதான். லண்டன் பல்கலைக்கழகம் 1858-லிருந்து வெளிவாரி மாணவர்களுக்கு, அதாவது நேரில் வராமல் வெளியிலிருந்து படிப்பவர்களுக்கு, பட்டம் தருகிறது. பொருளியல், நிதி சார்ந்த இளங்கலைப் பட்டங்களுக்குப் பாடத்திட்டத்தையும் தேர்வையும் வழிநடத்துவது லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ். கொழும்பிலும் சிங்கப்பூரிலும் தனியார் நிறுவனங்கள் இதற்கு வகுப்பு நடத்துகின்றன. தனியாகவும் படிக்கலாம். தேர்வு கடினமானது, கணிதம் மேலே சொன்னதைவிட ஒரு படி அதிகம். செலவைக் கணக்கிடும்போது கவனம் வேண்டும்: பல்கலைக்கழகக் கட்டணம் பவுண்டில், வகுப்புக் கட்டணம் அதற்கு மேல் தனியாக. ரூபாய் சரியும்போது உங்கள் கட்டணம் ஏறும். மூன்றாண்டுக்கான தொகையை இன்றைய மாற்று விகிதத்தில் மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். இந்தியாவில் வாழும் மாணவர் இதை நினைத்தால், இங்கே அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ சமநிலைச் சான்று தேவைப்படும் என்பதையும் சேரும் முன்பே விசாரிக்க வேண்டும்.

சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று பாடம்தான் முடித்திருக்கிறேன். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். எழுதித் தேறிய பாடங்களின் மதிப்பெண் பத்திரமாக இருக்கிறது. நான்காண்டுக்குள் மிச்சத்தை முடிக்கலாம், அதற்குள்ளும் முடியாவிட்டால் மறுசேர்க்கைக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

முதலில் கிரேடு கார்டை எடுத்து, எந்தப் பாடத்தில் அசைன்மென்ட் நிற்கிறது, எதில் தேர்வு நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அசைன்மென்ட் தேறித் தேர்வு மட்டும் நிற்கும் பாடத்தை வரும் பருவத்துக்கு எடுங்கள், அதுதான் பக்கத்தில் இருக்கிறது. கூடவே கணக்கு அதிகமில்லாத ஒரு பாடம், உதாரணமாக இந்தியப் பொருளாதாரக் கொள்கை. அளவுசார் முறைகள் நின்றிருந்தால் அதற்கு ஒரு பருவம் முழுவதையும் தனியாக ஒதுக்குங்கள், வேறெதையும் அதோடு சேர்க்காதீர்கள். பழைய அசைன்மென்ட் கேள்விகள் செல்லாது என்பதால் நடப்பு ஆண்டின் கேள்வித்தாளை இறக்கிக்கொள்ளுங்கள். பழைய பாடக் குறியீடு மாறியிருக்கிறதா என்று மண்டல மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். தேர்வு விண்ணப்பத்தைக் கடைசி வாரம் வரை தள்ளாமல், படிவம் திறந்த முதல் வாரத்திலேயே கட்டிவிடுங்கள்.